சண்டை போட்டு ஆள் தேடியவள்

அவள் பெயரை எழுதமாட்டேன். செத்துப் போனவள்தான் என்றாலும், கேட்காமல் பெயரைப் போட்டதற்காக எழுந்து வந்து என் கன்னத்தில் ஒன்று வைத்தாலும் வைப்பாள். அக்கா என்றே எழுதுகிறேன். நான் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன். ஊர் அவளைச் சண்டைக்காரி என்றது. அதையும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கித்தான் சொன்னது.

அறுபதுகளின் கடைசியில் நான் கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்தேன். பீங்கான் கம்பெனிகள் ஒன்றன் பின் ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்த சமயம். வந்த புதிதில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் கூட்டம். எட்டிப் பார்த்தால், சேத்தியாத்தோப்பு பஸ்ஸின் கண்டக்டர் தரையில் மல்லாந்து கிடக்கிறான். அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு ஒரு பொம்பளை, அவன் விசிலைப் பிடுங்கி அவன் வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டிருக்கிறாள். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் ஒழுகுகிறது. பக்கத்தில் அவளைவிட உயரமான ஒரு பெண்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது.

"இப்ப சொல்லுடா. என்னா சொன்ன? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

அவன் சொன்னது இதுதான்: 'இந்தப் பைத்தியத்தை எல்லாம் எதுக்கும்மா பஸ்ஸுல ஏத்துற?' நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அவளை எடுக்க முடியவில்லை. கடைசியில் அந்தப் பெண்பிள்ளையே வந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தது. உடனே எழுந்துவிட்டாள். ஒன்றுமே நடக்காதவள் மாதிரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, மகள் கையைப் பிடித்து அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பஸ்ஸும் போயிற்று, கண்டக்டர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு.

அந்தப் பெண்பிள்ளைதான் மல்லிகா. வயது பதினைந்துக்கு மேல் இருக்கும். பேச்சு வராது. ஆ, ஊ என்ற சத்தமும், "ம்மா" என்ற ஒரு வார்த்தையும்தான். பசித்தால் அடிப்பாள், சட்டை ஈரமானால் அடிப்பாள், ரயில் ஊதினால் பயந்து போய்க் கையில் கிடைத்தவர்களைக் கடிப்பாள். அக்காவின் இரண்டு முழங்கையிலும் பல் பட்டுப் பட்டுத் தழும்பு ஏறிப்போயிருந்தது. சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, மாதாமாதம் துணி மாற்றுவது எல்லாம் அக்காதான். புருஷன் நெய்வேலிக்கு வேலைக்குப் போன இடத்தில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான். அக்கா ஒருமுறை அங்கே போய், அவனை நடுரோட்டில் செருப்பால் அடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாளாம். அதற்குப் பிறகு அவனைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை செய்தோம். நான் கோப்பைகளைப் பளபளப்புக் கலவையில் முக்கி எடுப்பேன். அவள் அச்சிலிருந்து வந்த, இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகளின் பிசிறைச் சீவுவாள். மல்லிகா அவள் காலடியில் உட்கார்ந்து களிமண்ணை உருட்டிக்கொண்டிருப்பாள். புதிதாக வந்த மேஸ்திரி ஒருநாள், "கம்பெனியா சத்திரமாம்மா? அதை வூட்லயே வுட்டுட்டு வா" என்றார்.

"வூட்ல வுட்டா? கட்டிப் போட்டுட்டு வரச் சொல்றியா?" என்று கேட்டாள். கேட்டபடியே சூளைக்குப் போகக் காத்திருந்த பலகையை, அதில் அடுக்கியிருந்த பச்சைக் கோப்பைகளோடு தலைக்குமேல் தூக்கித் தரையில் போட்டாள். அடுத்த பலகையில் கை வைத்தபோது மேஸ்திரி, "இருக்கட்டும் தாயி, இருக்கட்டும்" என்று ஓடி வந்தார். மல்லிகா களிமண்ணை உருட்டுவதை நிறுத்தவேயில்லை.

என் வீட்டுக்கும் அவள் வந்திருக்கிறாள். என் புருஷன் கை நீட்டுகிற ஆள். ஒருநாள் பட்டப்பகலில் என்னைச் சுவரோடு சாய்த்து அடித்துக்கொண்டிருந்தபோது, உலக்கையோடு உள்ளே நுழைந்தாள். ஒரே போடு, அவர் மணிக்கட்டு விட்டுப்போயிற்று. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடி, கட்டுப் போடுவாங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டு உலக்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள். கட்டு இருந்தவரைக்கும் எனக்கு நிம்மதி. அவிழ்த்த பிறகு அவர் பழையபடிதான்.

இத்தனைக்கும் அவளுடைய உண்மையான சண்டை எங்கள் யாரோடும் இல்லை. எதிர் வீட்டுத் தைலம்மையோடுதான். தைலம்மை புருஷன் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற ஆள், வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து ஆண்டவன் தைலம்மைக்கு வாயைக் கொடுத்திருந்தான். தெருவுக்கு ஒரே குழாய். ஒரு குடம் முன்னே நகர்ந்தது, பின்னே நகர்ந்தது என்று ஆரம்பிக்கும்.

"புருசன நெய்வேலி வரைக்கும் தொரத்துனவதானடி நீ!"

"உன் மூஞ்சிய தெனம் பாத்துட்டு உசுரோட இருக்கானே உன் புருசன், அவனுக்குக் கோயில் கட்டணும்டி!"

"கொளஞ்சியப்பர் கோயில்ல உன்மேல பிராது கட்டல, நான் எங்கப்பனுக்குப் பொறக்கல!"

"போய்க் கட்டுடி! சாமி மொதல்ல உன்னத்தான் கூப்புட்டு விசாரிக்கும்!"

எங்கள் பக்கத்தில் அது பெரிய மிரட்டல். அந்தச் சாமியிடம் பிராது எழுதிக் கட்டினால் தீர்ப்பு வந்தே தீரும் என்று நம்பிக்கை. இவர்கள் இரண்டு பேரும் கட்டவில்லை. கட்டினால் சண்டை முடிந்துவிடுமே! வாய் ஓய்ந்தால் கை. முடியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உருளுவார்கள். பித்தளைக் குடம் நசுங்கும். கம்பெனியிலிருந்து கொட்டிய உடைசல் தெருவோரம் மேடாகக் கிடக்கும், அதிலிருந்து பீங்கான் துண்டை எடுத்து வீசுவார்கள். அக்காவின் புருவத்தில் ஒரு வெட்டு, தைலம்மையின் தோளில் இரண்டு. இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்து தையல் போட்டுக்கொண்டே திட்டிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எழுபதுகள் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். அக்காவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. நான்தான் பாண்டிச்சேரிப் பெரியாஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். கர்ப்பப்பையில் புற்று, பரவிவிட்டது, பொங்கலைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்: "கடேசி வரைக்கும் கையக் கால அசைக்க முடியுமா?" தன்னைப் பற்றிக் கேட்கிறாள் என்று டாக்டர் நினைத்தார். மல்லிகாவைக் குளிப்பாட்ட முடியுமா என்று கேட்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. ஊருக்குப் பஸ் ஏறினோம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

கோர்ட்டுப் பக்கம் இருந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். பொண்ணுக்குக் கார்டியன் என்று ஒருத்தரைப் போட்டு எழுதி வைக்கணும், தாய்மாமன் இருக்கும்போது வேறே என்ன யோசனை என்றார் அவர். ஊரில் எல்லாருக்கும் அதே பேச்சுதான். தாய்மாமனுக்கு இல்லாத உரிமை யாருக்கு இருக்கிறது?

"காயிதம் சோறு ஊட்டுமாங்க? யாரு பேரப் போடறதுன்னு நான் மொதல்ல பாக்கணும்" என்று எழுந்துவிட்டாள்.

அவள் பார்த்த லட்சணம்தான் தெருவைக் கலக்கிற்று. வீடு வீடாகச் சண்டை! காரணமே இல்லாமல் வம்பு. நேற்று வரைக்கும் மல்லிகாவுக்கு முறுக்குக் கொடுத்த கடைக்காரம்மாவின் முறுக்குத் தட்டைத் தெருவில் கவிழ்த்தாள். ஸ்கூல் டீச்சரம்மா ஒருத்தி, தங்கமானவள், பிள்ளைக்குப் பால் பவுடர் கொடுப்பவள். அக்கா அவள் வீட்டு வாசலில் நின்று கை தட்டித் திட்டினாள். டீச்சரம்மா முதலில் பொறுத்தாள். பிறகு முகம் சிவந்து, "நீ பண்ணின பாவத்துக்குத்தான் இப்படி ஒரு பிள்ளையைக் கடவுள் குடுத்திருக்கார்" என்றாள். அக்கா கையிலிருந்த கண்ணாடி டம்ளரை அவள் நிலைப்படியில் அடித்து உடைத்துவிட்டுத் திரும்பினாள். வியாதி மூளைக்கு ஏறிவிட்டது என்று தெரு சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு நல்லூருக்குப் போனோம், அவள் தம்பி வீட்டுக்கு. கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். தம்பி மல்லிகா தலையைத் தடவி, "நான் தாய்மாமன் இருக்கேன்க்கா. எம்பொண்ணுங்களோட இதுவும் ஒண்ணு. பாவம் புள்ள" என்றான். கண்கூடக் கலங்கினான். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அக்கா நாலு வாய் சாப்பிட்டாள். பிறகு தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். "நாய்க்கு வைக்கிறத எனக்கு வச்சிருக்கா உம்பொண்டாட்டி. இவள கட்டின அன்னைக்கே நம்ம வூட்டுக்கு மூதேவி வந்துட்டா" என்று ஆரம்பித்து, நான் எழுதக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னாள். தம்பி பெண்டாட்டி குதித்தாள்: "பைத்தியத்தப் பெத்தவளுக்குத் திமிரப் பாரேன்!" தம்பி எழுந்து வந்து அக்கா கழுத்தைப் பிடித்து வாசல்வரைக்கும் தள்ளினான். "சாவப்போறவன்னு பாத்தா ஏறிட்டே போற. இந்தச் சனியன ஏன் என் தலையில கட்டப் பாக்குற? கெணத்துல தள்ளிட்டு நீ நிம்மதியாச் சாவு!"

அவன் மண்டை உடையப்போகிறது என்று நான் மல்லிகாவை இழுத்துக்கொண்டு ஒதுங்கினேன். அக்கா அங்கிருந்த வாளியில் கை கழுவினாள். "போயிட்டு வரேன்டா" என்றாள், விருந்துக்கு வந்தவள் மாதிரி.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டே விட்டேன். "உனக்கு என்னாக்கா பேய் புடிச்சிருக்கா? இருக்கிற ஒரு ஆளையும் கெடுத்துட்டு வர்றியே!"

"நல்லா இருக்கையில எல்லாரும் பாவம் புள்ளன்னுதான்டி சொல்லுவாங்க" என்றாள். "அவ நாளைக்கு இவன் கையக் கடிப்பா. இவம் பொண்டாட்டி சீலையில பேண்டு வச்சுருவா. அப்ப கோவம் வருமில்ல? அந்தக் கோவத்துல என்னா வார்த்த வருதுன்னு இப்பவே கேட்டுறணும். செத்தப்புறம் எனக்குக் கேக்குமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தனை வீட்டு வாசலிலும் அவள் சண்டைக்கு நிற்கவில்லை, பரீட்சை வைத்திருக்கிறாள். ஒருத்தரும் தேறவில்லை.

"என்ன ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?" என்றேன்.

"நீ சொல்ல மாட்டடி, தெரியும். உம்புருசன் இருக்கிற வூட்ல எம்பொண்ண வுடுவனா? நானே அங்க ஒரு நிமிசம் இருக்க மாட்டேன்" என்றாள். பொய்யா சொன்னாள்?

மார்கழி வந்தது. அவள் எலும்பும் தோலுமாகிவிட்டாள். கோபம் மட்டும் இளைக்கவில்லை. அதற்குள் மல்லிகாவைக் குளிப்பாட்டத் தெம்பு போய்விட்டது. நான் தண்ணீர் ஊற்றினால் மல்லிகா என்னை அறைவாள். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு, "யாருடி பாப்பா இவள? யாருடி பாப்பா?" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த நிலையிலும் ஒருநாள் காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு வந்தாள். தைலம்மையின் குடத்தை நகர்த்தித் தன் குடத்தை வைத்தாள், தைலம்மை அதைக் காலால் எத்திவிட்டாள். அவ்வளவுதான். அக்கா தைலம்மையின் கொண்டையைப் பிடித்தாள். தைலம்மை அக்காவின் கழுத்தைப் பிடித்தாள். "பாடையில போறவளே! போற போக்குலயும் எங்குடத்துமேல கைய வைக்கிறியே!" "உன்னயும் கூட்டிட்டுத்தான்டி போவேன்!" தைலம்மை அவள் நடத்தையைப் பேசினாள், அவளைப் பெற்றவர்களைப் பேசினாள், அவள் வியாதியையும்கூட விட்டுவைக்கவில்லை, அழுகிச் சாவாய் என்றாள். இரண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி, ஒருத்தி எச்சில் ஒருத்தி மேல் தெறிக்க.

திடீரென்று அக்கா நின்றுவிட்டாள். கொண்டையை விடவில்லை.

"ஏன்டி, இத்தன வருசமா என்ன வையிறியே. எம்பொண்ண ஏன்டி ஒரு வார்த்த சொல்லல?"

தைலம்மைக்குப் புரியவில்லை. "என்னாடி?"

"பைத்தியத்தப் பெத்தவளேன்னு ஊரே சொல்லுது. நீ சொல்லலியே. ஏன்?"

"அந்தப் புள்ள என்னாடி பண்ணுச்சு? சண்ட உனக்கும் எனக்கும்தானே. முடிய வுடுடி மொதல்ல!"

அக்கா விட்டாள். குழாயடியில் இருந்த நாங்கள் எல்லாரும் அப்போதுதான் யோசித்துப் பார்த்தோம். ஆமாம், ஒரு தடவைகூட இல்லை. வாயைத் திறந்தால் சாக்கடை என்று பெயரெடுத்தவள் தைலம்மை.

"அப்ப நீயே வச்சுக்க அவள" என்றாள் அக்கா.

தைலம்மை பளாரென்று ஒரு அறை விட்டாள். "என்ன என்னான்னுடி நெனச்ச? உன்ன ஒழிக்க முடியலன்னு நான் அழுவறேன், உம்பொண்ண வேற சுமக்கணுமா?"

அதிலிருந்து தினம் ஒரு கூத்து. காலையில் அக்கா மல்லிகாவைக் கொண்டுபோய்த் தைலம்மை வாசலில் உட்காரவைத்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். தைலம்மை கத்திக்கொண்டே பிள்ளையைத் திருப்பி இழுத்து வந்து கதவை எட்டி உதைப்பாள். மறுநாளும் அதே. ஒருநாள் அவள் இழுத்து வர நேரமாயிற்று. வந்தபோது மல்லிகாவுக்குத் தலை சீவிப் பின்னல் போட்டிருந்தது. தைலம்மையின் கன்னத்தில் நகக்கீறல் நாலு கோடு. "சீப்ப வச்சா அடிக்கிறா, சொல்லித் தொலைக்க மாட்டியாடி?" என்று கதவை உதைத்துவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கு முன்னாலேயே அக்கா பாயோடு கிடந்துவிட்டாள். தைலம்மையைக் கூப்பிடச் சொன்னாள். அவள் விளக்குமாறும் கையுமாக வந்து நின்றாள், கூட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருக்கிறாள். நான் ஒரு தட்டில் கற்பூரம் கொளுத்தி வைத்தேன். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். "சத்தியம். பாத்துக்கறேன். உனக்காக இல்லடி, மாரடிச்சுக்காத" என்றாள்.

"கிட்ட வா" என்றாள் அக்கா. தைலம்மை குனிந்தாள். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவள் கன்னத்தில் ஒரு அறை வைத்தாள் அக்கா.

"இது எதுக்குடி, கட்டையில போறவளே?"

"இப்படித்தான் அடிப்பா. காரணம் இருக்காது. பழகிக்க."

அதுதான் அவள் கடைசியாக அடித்த அடி. மறுநாள் காலையில் உயிர் போயிற்று. தெரு அழுதது. நான் மண்ணில் புரண்டு அழுதேன். தைலம்மை அழவில்லை, மல்லிகாவைத் தன் வீட்டு அடுப்படியில் உட்காரவைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

கருமாதி அன்றைக்குத் தம்பி வண்டி கட்டிக்கொண்டு வந்தான். கூட இரண்டு ஆள். பிள்ளையைக் கொண்டுபோனால் அக்காவின் மனையும் வீடும் தன் கைக்கு வரும் என்று கணக்கு. "தாய்மாமன் நான் இருக்கேன். நீ யாருடி நடுவுல?" என்று மல்லிகாவின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் பயந்து அவன் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். "சனியன் புடிச்ச பைத்தியமே!" என்று அவளை ஓங்கி அறைந்தான். அவள் சுருண்டு விழுந்தாள்.

தைலம்மை கொதிக்கிற குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து தூக்கி அவன் காலில் வீசினாள். அவன் துள்ளும்போதே விறகுக்கட்டையால் தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. கூட வந்தவர்களில் ஒருவன் அவள் வயிற்றில் உதைத்தான். எங்கிருந்து வந்ததோ, அந்த வாயில்லாப் பூச்சி, அவள் புருஷன், தண்டவாளம் தட்டுகிற சுத்தியலோடு வந்து நின்றான். முறுக்குக் கடைக்காரம்மா கல்லை எடுத்தாள். நான் பீங்கான் துண்டை எடுத்தேன். வண்டி காலியாகத்தான் நல்லூருக்குப் போயிற்று. தைலம்மைக்கு இரண்டு பல் போயிருந்தது.

அதற்கு ஒரு வருஷம் கழித்து இருக்கும். ஒரு சாயங்காலம் தைலம்மை தெருவில் வந்து உட்கார்ந்தாள். கையில் ரத்தம். மல்லிகா சதை பெயரும்படி கடித்திருந்தாள். நான் மஞ்சளைக் குழைத்து வைத்துக் கட்டினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுடி. அந்த வார்த்த. வெறகக்கூட ஓங்கிட்டேன்."

"சொன்னியா?"

"இல்ல. முழுங்கிட்டேன்." கட்டின துணியை இழுத்து இறுக்கிக்கொண்டாள். "இன்னைக்கு மட்டும் இல்லடி. அந்தக் காலத்துல அவகூட சண்ட போடறப்ப எல்லாம் அதான் மொதல்ல வாயில வரும். முழுங்கிட்டு வேற ஏதாவது வைவேன். எம்மனசு சுத்தம்னு நம்பிக் குடுத்துட்டுப் போயிட்டா. தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பாளா?"

"மூஞ்சிக்கு மூஞ்சி நின்னவளுக்கு நீ முழுங்கறது தெரியாமலா இருந்திருக்கும்?" என்றேன். "அதப் பாத்துட்டுதான் குடுத்திருக்கா."

தைலம்மை என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு நடுத்தெருவில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, "அடிப் பாவி, எடுபட்டவளே, என்ன இப்படி மாட்டிவுட்டுட்டுப் போயிட்டியேடி" என்று, சாவன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டித் திட்டி அழுதாள்.